இஸ்திரி போட்ட நிலம்

தங்கச்சி புருஷனை "அவர்"னு சொல்றதுதான் மரியாதை, எனக்கும் தெரியும். ஆனா என் தங்கச்சியைக் கட்டறதுக்கு முன்னாடியே என்னோட ஒரே பெஞ்சைத் தேச்சவன் அவன். அதனால எனக்கு அவன் "அவன்"தான், கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் அவனுக்கு வச்ச பேரு இஸ்திரி. துணி தேய்க்கிறவன் இல்ல. பூமிக்கு அடியில கிடக்கற பழைய காலத்து இடங்களைத் தோண்டி எடுக்கற ஆபீஸ்ல அவனுக்குக் குழி வெட்டற வேலை, எனக்கு அதே ஆபீஸ்ல ஜீப் ஓட்டற வேலை. தோண்டறதை யார் வேணாலும் தோண்டுவாங்க. தோண்டினதை மூடறதுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. அவன் மூடின தரையில நீங்க பாயை விரிச்சா ஒரு மேடு பள்ளம் முதுகுல குத்தாது. அதுல வந்த பேருதான் இஸ்திரி.

எதுக்குத் தோண்டணும், அப்புறம் எதுக்கு மூடணும்னு கேப்பீங்க. கல்யாணமான புதுசுல என் தங்கச்சியும் அதைத்தான் கேட்டா. "ஏண்ணே, உங்க ஆபீஸ்ல யாருக்கும் வேற பொழப்பே இல்லையா?"

மழைக்காலம் வந்தா வேலை நின்னுடும். குழியைத் திறந்து போட்டுட்டு வந்தா தண்ணி நிக்கும், பழைய செங்கல் சுவர் ஊறிச் சரிஞ்சிடும். அதனால முதல்ல நீலத் தார்ப்பாயை விரிச்சு, அது மேல மணலைக் கொட்டி, அதுக்கும் மேல வெட்டின மண்ணையே போட்டு மூடிடுவாங்க. சுத்தி இருக்கற வேலியைக் கழட்டி ஆபீஸ் குடோன்ல போட்டுடுவாங்க. மழை விட்டதும் வந்து மறுபடி திறக்கணும். எங்க திறக்கணும்னு தெரியறதுக்காக ஒவ்வொரு குழிக்கும் நாலு மூலையிலயும் ஒரு இரும்புக் கம்பி அடிச்சிருக்கும், தலை மட்டும் வெளியே தெரியற மாதிரி. எதை வேணாலும் கழட்டலாம், அந்த மூலைக் கம்பியை மட்டும் யாரும் தொடக் கூடாது. வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் குடுக்கற பாடம் அது.

இஸ்திரிக்கு வேலை சுத்தம் எவ்வளவோ அவ்வளவு திமிரும் உண்டு. அடுத்தவன் மூடின குழியைப் பார்த்தா அவனால வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது. "இது என்னய்யா, மாடு புரண்ட இடமா?"ம்பான். செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட தரையில அங்கயும் இங்கயும் நடப்பான், எங்கயாவது கட்டி தட்டுப்பட்டா அந்த ஆளைக் கூப்பிட்டு வச்சு மானத்தை வாங்குவான். இதனாலயே பாதி பேருக்கு அவனைக் கண்டா ஆகாது. வீட்லயும் இதே கூத்துதான். படுக்கறதுக்கு முன்னாடி விரிப்பை நீவி நீவி விடுவானாம். "எல்லாம் சமமா இருக்குண்ணே, நடுவுல நான் ஒருத்தி மேடா படுத்திருக்கறதுதான் அவருக்குக் குறை"ன்னு என் தங்கச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

அப்பதான் செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம் இருந்த வெட்டவெளியில ஒரு தெரு கிடைச்சுது. நிஜமாவே தெரு. ஒரு சந்து, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டின சின்னச் சின்ன வீடுங்க. எல்லா வீட்லயும் ஒரே மூலையில அடுப்பு, அடுப்புக்குப் பின்னால செங்கல்ல கரி அப்படியே ஒட்டியிருந்துச்சு. எத்தனையோ ஆயிரம் வருஷம்னு எங்க டைரக்டர் அம்மா சொன்னாங்க. அந்தக் கரியைத் தொட்டா விரல்ல ஒட்டுச்சு, நானே தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

அதுல கடைசி வீட்டைத் திறந்தது இஸ்திரி. குறுகலான ஒரே அறை. அடுப்புப் பக்கத்துல ஒரு கல், நடுவுல வழவழன்னு பள்ளம் விழுந்து கிடந்துச்சு. யாரோ ஒருத்தி வருஷக்கணக்கா அதுலயே கத்தியைத் தீட்டியிருக்கா. இவனுக்கு அந்த வீட்டு மேல பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. குழிக்குள்ள உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு ஆபீஸ்ல கட்டளை, ஆனா யாரும் பார்க்காதப்ப சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டு அங்கதான் போய் உக்காருவான். அவங்க குடியிருந்தது சைக்கிள் கடை மாடியில ஒரு வாடகை ரூம். சுவர்ல ஒரு ஆணி அடிச்சாக்கூட வீட்டுக்காரம்மா கீழே இருந்து கத்தும். பாவம், அவனுக்குன்னு ஒரு வீடு கிடைச்ச மாதிரி நினைச்சுக்கிட்டான் போல.

என் தங்கச்சி சும்மா இருப்பாளா? பக்கத்து ரூம் அக்காகிட்ட மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எங்க வீட்டுக்காரருக்குச் சின்ன வீடு இருக்குக்கா, மத்தியானச் சாப்பாடு தினமும் அங்கதான்"னு சொல்லியிருக்கா. அந்த அக்கா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு நேரா என்கிட்ட பஞ்சாயத்துக்கே வந்துடுச்சு.

ஒருநாள் லீவுல அவளை என் ஜீப்லயே கூட்டிட்டுப் போய்க் காட்டினான். சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏணியில இறங்கினா. அடுப்புக்கு முன்னாடி குந்தி உக்காந்து சுத்திச் சுத்திப் பார்த்தா. "காத்து அந்தப் பக்கமிருந்து வருது, புகை இந்தப் பக்கமா வெளிய போயிடும். புத்திசாலிதான் இவ"ன்னா. அப்புறம் அந்தக் கல்லுப் பள்ளத்துல கையை வச்சா, ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அன்னையிலிருந்து சின்ன வீட்டுக் கிண்டல் நின்னு போச்சு. அவன் வேலை முடிஞ்சு வந்தா, "அவ வீட்ல இன்னைக்கு என்ன கிடைச்சுது?"ன்னு நிஜமாவே கேக்க ஆரம்பிச்சா. ரெண்டு பேருக்கும் குழந்தை குட்டி இல்ல. பேசறதுக்கு அந்த வீடு இருந்துச்சு.

சனியன் எங்கிருந்து வந்துச்சுன்னா, ரயில்ல வந்துச்சு. புது ரயில் பாதை, அதை ஒட்டியே பெரிய ரோடு. அளக்கறவங்க வந்தாங்க, பார்த்தா கோடு சரியா அந்தத் தெருவோட தலை மேல போகுது. கோட்டைக் கொஞ்சம் வளைச்சா அந்தப் பக்கம் பூராவும் வெறும் பொட்டல், ஒரு காக்காகூட ஆட்சேபணை சொல்லாது. டைரக்டர் அம்மா அதைத்தான் கேட்டாங்க. கேட்டாங்க என்ன, கெஞ்சினாங்க. ஃபோட்டோ, வரைபடம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத் தலைநகரத்துக்கு நடையா நடந்தாங்க. "சரி, ஒரு கமிட்டியை அனுப்பறோம், அவங்க வந்து நேர்ல பார்த்துச் சொல்லட்டும்"னு கடைசியில பதில் வந்துச்சு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். நேர்ல பார்த்தா போதுமே, கண்ணு இருக்கறவன் எவனும் அந்தத் தெருவை இடிக்கச் சொல்ல மாட்டான்னு நினைச்சோம். மழை முடிஞ்சு குழியைத் திறந்த பிறகு கமிட்டி வரும்னு சொன்னாங்க, அதையும் நம்பினோம்.

அதுக்குள்ள இன்னொரு கேடு. அங்கே புதையல் கிடைக்குதுன்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். கடப்பாரையோட நாலஞ்சு பேர் புகுந்து, வேலை முடிஞ்சு ஏற்கெனவே மூடியிருந்த முதல் வீட்டைத் தோண்டி அடுப்பையே பேத்துப் போட்டுட்டாங்க. மூலைக் கம்பியை வச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. உடைஞ்ச செங்கலைக் கையில வச்சுக்கிட்டு இஸ்திரி கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. "உள்ள என்னடா தங்கமா இருக்கு? கரிடா! வெறும் கரி!"

அந்த வருஷம் மழைக்கு மூடறப்ப டைரக்டர் அம்மா ஊர்ல இல்ல. போன்ல, "பத்திரமா மூடி வைப்பா, திருடங்க கண்ணுல படக் கூடாது"ன்னு மட்டும் சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. இவன் அதைத் தலைமேல தூக்கி வச்சுக்கிட்டான். தார்ப்பாய் விரிச்சு, மணல் போட்டு, மண் போட்டு, திம்ஸுக்கட்டையால இடிச்சு இடிச்சு இறுக்கினான். பக்கத்து நிலத்துலருந்து புல்லை மண்ணோட பேத்துக் கொண்டாந்து பதிச்சான், தண்ணி ஊத்தினான். கடைசியா, யாரும் செய்யாத காரியத்தைச் செஞ்சான். எல்லா மூலைக் கம்பியையும் பிடுங்கிட்டான்.

மழை ரெண்டு தடவை அடிச்சதுக்கு அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போனான். பச்சைப் பசேல்னு ஒரே மட்டமா கிடக்கு. "எங்கடா மாப்பிள்ள தெரு?"ன்னேன்.

"நீ சொல்லு மச்சான், எங்க இருக்கு?"

நானும் நடந்து நடந்து பார்த்தேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் ஒரு அடையாளம் தெரியல. அவன் இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சிரிக்கறான். "உன்னாலயே முடியல, திருடன் எங்க கண்டுபிடிக்கப் போறான்?" அவனை அவ்வளவு சந்தோஷமா நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல, அதுக்கப்புறமும் பார்த்ததில்ல.

அந்தப் புல்லு ஓங்கி வளர்ந்து நிக்கற சமயத்துலதான் கமிட்டி வந்துச்சு. சொன்ன தேதிக்கு இல்ல, மழைக்காலம் முடியறதுக்கு முன்னாடியே. டைரக்டர் அம்மா தலைநகரத்துல இதே கமிட்டியோட மேலதிகாரியைப் பார்க்கக் காத்துக்கிட்டு இருந்த அன்னைக்கு, இவங்க இங்க வந்து இறங்கறாங்க. தற்செயல்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். என் வயித்தெரிச்சல் எனக்கு.

மூணு பேர். ஒரு பெரியவர், ஒரு இன்ஜினியர், பையைத் தூக்கிக்கிட்டு ஒரு உதவியாளர். என் ஜீப்லதான் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் டைரக்டர் அம்மாவுக்கு போன் போட்டுப் பார்த்தேன், அணைச்சு வச்சிருந்தாங்க. இஸ்திரியை வழியிலயே ஏத்திக்கிட்டேன், மண்வெட்டியோட வந்தான்.

பெரியவர் இறங்கி ஷூவுல சேறு படாம ஓரமா நின்னார். "எங்கப்பா உங்க பழைய தெரு?"

"இங்கதான் சார், அடியில இருக்கு. மழைக்காக மூடி வச்சிருக்கோம். கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா ஆளைக் கூட்டி முழுசா திறந்துடுவோம்"னான் இஸ்திரி.

"டைமா? சாயங்காலம் எங்களுக்கு வேற ஊர்ல மீட்டிங் இருக்குப்பா. ஒரு ஓரத்தைத் திறந்து காட்டு, போதும். ஒரு செங்கலைப் பார்த்தாலே எழுதிடலாம்."

சரியான வார்த்தைதானே? ஒரு செங்கல் போதும்னு அந்த ஆளே வாயால சொல்றார். நான் மெதுவா இவன் பக்கத்துல போய், "மாப்பிள்ள, கம்பியைப் புல்லுக்குள்ள எங்கடா மறைச்சு வச்சிருக்க?"ன்னு கேட்டேன்.

"கம்பியெல்லாம் வீட்ல இருக்கு மச்சான். கட்டிலுக்கு அடியில, மூட்டை கட்டி."

"அப்போ இடம்?"

"எனக்குத் தெரியாதா என்ன? நான் மூடின இடம்." அப்படித்தான் சொன்னான். ஆனா சொல்றப்பவே கண்ணு அலைஞ்சுது. வேலி கழட்டியாச்சு, கம்பி பிடுங்கியாச்சு. எங்க பார்த்தாலும் அவனே நட்ட புல்லு.

ஒரு இடத்துல போய் நின்னு செருப்பைக் கழட்டினான். வெறுங்காலால மிதிச்சுப் பார்த்தான். எங்கயாவது அமுங்கினாத்தானே, எங்கயாவது மேடு தட்டினாத்தானே கண்டுபிடிக்க? அவன் மூடினதுல அதெல்லாம் இருக்குமா? வெட்ட ஆரம்பிச்சான். இடுப்பளவு போயிட்டான், வெறும் மண்ணு. ஏறி வந்து தள்ளிப் போய் இன்னொரு இடத்துல வெட்டினான். வியர்வை கண்ணுல வழியுது, துடைக்கக்கூட இல்ல. அங்கயும் வெறும் மண்ணு. மணலும் இல்ல, தார்ப்பாயும் இல்ல. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கதான் சார், இதோ, இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம்தான் சார்"னு இவன் புலம்பறான். திருவிழாக்கூட்டத்துல குழந்தையைத் தொலைச்சவன் மாதிரி முழிச்சான்.

எனக்குப் பொறுக்கல. "சார், ஃபோட்டோ எல்லாம் அம்மாகிட்ட இருக்கு, நானே உள்ள இறங்கிப் பார்த்திருக்கேன் சார்"னேன்.

"நீ போய் வண்டியைத் திருப்பி நிறுத்துப்பா"ன்னார் பெரியவர்.

அந்த உதவியாளர் பையிலருந்து கேமராவை எடுத்தான். "அப்படியே நில்லுங்க, குழிக்குள்ளயே." இவன் பாவி, தன்னோட கஷ்டத்தைப் பதிவு பண்றாங்கன்னு நினைச்சு நிமிர்ந்து நின்னான். முகத்தை வேற துடைச்சுக்கிட்டான். அவங்க ஜீப்ல ஏறி உக்காந்த பிறகும் வரல. என்ன பண்றான்னு திரும்பிப் பார்த்தா, வெட்டின குழியை மூடிக்கிட்டு இருக்கான். மேல காலால சமம் வேற பண்றான். கை பழக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு, அவனைப் பளார்னு ஒண்ணு விடணும் போல இருந்துச்சு.

தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான். கமிட்டி எழுதினது இதுதான்: நேரில் பார்வையிட்டோம், தொல்லியல் ஊழியரைக் கொண்டே தோண்டிப் பார்த்தோம், அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கூடவே அவன் படம், வெறும் குழிக்குள்ள நிமிர்ந்து நிக்கறான்.

டைரக்டர் அம்மா திரும்பி வந்து திட்டியிருந்தாங்கன்னா அவனுக்கு ஆறியிருக்கும். திட்டல. "மூலைக் கம்பி என்னப்பா ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. ஓடிப் போய் மூட்டையோட கொண்டாந்து அவங்க மேஜை மேல வச்சான். ஒவ்வொண்ணையும் துடைச்சு, துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி வச்சிருந்தான்.

"ஒண்ணுகூடத் தொலையலம்மா."

அவங்க அந்த மூட்டையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம், "நீயே வச்சுக்க"ன்னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அவங்க விடல. அளந்து காட்டறேன், ஒரே ஒரு நாள் குடுங்கன்னு எங்கெங்கயோ ஏறி இறங்கினாங்க. ஃபோட்டோவைக் காட்டினா, "இது எந்த இடத்து ஃபோட்டோவோ! நாங்கதான் நேர்ல பார்த்துட்டோமே"ன்னு பதில். பார்த்த லட்சணம். அதுக்குள்ள நிலத்தைச் சுத்தித் தகரம் அடிச்சுட்டாங்க, எங்க ஆபீஸ் ஆளுங்க உள்ள கால் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க.

பொக்லைன் வந்த அன்னைக்கு நானும் அவனும் தகரத்துக்கு வெளியே நின்னோம். என் தங்கச்சியும் வந்திருந்தா, வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. தகர இடுக்குல பார்த்துக்கிட்டு இருக்கோம். மெஷின் வாயை விட்டு மண்ணை அள்ளித் தூக்குது, பல்லுல நீலமா ஏதோ நீளத்துக்குக் கிழிஞ்சு தொங்குது. தார்ப்பாய். அது கூடவே கரி படிஞ்ச செங்கல் பொலபொலன்னு கொட்டுது. இவன் அன்னைக்குக் கடைசியா வெட்டின இடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு.

டிரைவர் மெஷினை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தான். "சே, எவனோ குப்பையைக் கொண்டாந்து புதைச்சு வச்சிருக்கான்"னு கத்தினான்.

இஸ்திரி தகரத்தை நெட்டித் தள்ளிக்கிட்டு உள்ள ஓடிட்டான். "நிறுத்துங்க! அது என் தார்ப்பாய்! நான் போட்டது! அடியில வீடு இருக்கு, வீடு!" ரெண்டு காவலாளுங்க வந்து அவனைக் கட்டிப் பிடிச்சாங்க. மேஸ்திரி ஒருத்தன் வந்து மேலயும் கீழயும் பார்த்தான்.

"ஓஹோ, இங்க குப்பை போட்டது நீதானா?"

மெஷின் மறுபடி கிளம்பிடுச்சு. அடுப்பு, கல்லு, சுவரு எல்லாம் லாரிக்குப் போச்சு. என் தங்கச்சி தகரத்தைப் பிடிச்சுக்கிட்டு, "அவ வீடுண்ணே, அவ வீடு"ன்னு அழுதா. செத்தவங்களுக்கு அழற மாதிரிதான் அழுதா.

இப்ப அந்த வழியா ரயில் ஓடுது. நல்ல வேகமாத்தான் போகுது, யாரும் குறை சொல்ல முடியாது. இவங்க ரெண்டு பேரும் அதுல ஏறினதில்ல. எங்க அக்கா வீட்டுக்குப் போகணும்னாக்கூடச் சுத்தி வளைச்சு ரெண்டு பஸ் மாறித்தான் போறாங்க. எங்க ஆபீஸைச் சுருக்கிட்டாங்க, குழி வெட்டறவங்க எல்லாருக்கும் வேலை போச்சு. டைரக்டர் அம்மாவை எங்கயோ ஒரு மூலைக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க. எனக்கு ஜீப் இருக்கு, ஃபைல் ஏத்திக்கிட்டுத் திரியறேன்.

இஸ்திரி நகராட்சியில சாக்கடைக் குழாய் பதிக்கற கூட்டத்துல போய்ச் சேர்ந்தான். முதல் வாரமே புகார். குழியை மூடினா நடுவுல மேடு விட்டுடறான்னு. என்கிட்ட வந்து சொன்னப்ப நான் நம்பல. இஸ்திரியா, மேடு விடறதா? அப்புறம் ஒருநாள் பஜார் ரோட்டுல ஜீப்பை ஓட்டிக்கிட்டு வரேன், அங்க ஒரே கூட்டம், சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தா, இவன் நிக்கறான், எதிர்ல நகராட்சி இன்ஜினியர் குதிக்கறார். மூடின குழியோட நாலு மூலையிலயும் எண்ணெய் தடவின இரும்புக் கம்பி, தலை மட்டும் வெளியே தெரியுது. ஒரு ஸ்கூட்டர்காரன் அதுல தடுக்கி விழுந்து முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

"என்னய்யா இது, பைத்தியமா உனக்கு? சாக்கடைக்குப் போய் எவனாவது கம்பி அடிப்பானா?"

"யாராவது வந்து எங்கன்னு கேட்டா காட்டணும்ல சார்"னான் இவன். குரல்ல எந்தக் கோபமும் இல்ல.

"எவன் வரப் போறான்? பிடுங்குய்யா அதை!"

"மாட்டேன் சார்."

"பிடுங்கலைன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத."

இஸ்திரி மண்வெட்டியைக் கழுவி ஓரமா சாத்தி வச்சான். "இன்னொரு தடவை என் கையால பிடுங்க மாட்டேன் சார்"னு சொல்லிட்டு வந்து என் ஜீப்ல ஏறி உக்காந்துக்கிட்டான்.